12345678987654321: கடைசி இரண்டு இலக்கங்கள் எங்கே போயின?

ஒன்பது 1-களை வரிசையாக எழுதி, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 12345678987654321 வரும். இந்த ஏற்ற இறக்க அழகைப் பார்த்துத்தான் பலரும் பெரிய எண்கள் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். புதிதாக வருபவர்கள் என் பழைய தவறுகளையே திரும்பச் செய்யும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலக்கத்தை மாற்றி எழுதுவது, ஒன்றை விட்டுவிடுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும், அவற்றை விடுவோம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் பெருக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 11-இன் வர்க்கம் 121, 111-இன் வர்க்கம் 12321 என்று பட்டியல் போட்டுக்கொண்டே போனேன். எட்டு 1-கள் வரை எல்லாம் சரி: 123456787654321. எண்ணிப் பாருங்கள், மிகச்சரியாக 15 இலக்கங்கள். ஒன்பதாவது வரியில் 12345678987654300 என்று வந்தது. மேலே எட்டு வரிகளும் சரியாக இருந்ததால் இதையும் நம்பினேன். "ஒன்பதிலிருந்து எல்லா வர்க்கங்களும் 100-ஆல் வகுபடும்" என்று ஒரு விதியே எழுதிவைத்து, இருபது 1-கள் வரை போய், ஒரு நோட்டு முழுக்கக் காரணிகளை நிரப்பினேன். அத்தனையும் வீண்.

ஸ்ப்ரெட்ஷீட் பொதுவாக 15 இலக்கங்களைத்தான் காட்டும். மிச்ச இடத்தில் பூஜ்ஜியம் போட்டுவிடும். நீளம், எடை அளக்க அது தாராளம். முழு எண்ணின் குணத்தைப் பார்க்க உதவாது. உண்மையான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 81; எண்ணும் 81-ஆல் வகுபடும். 21 போய் 00 வந்தால் கூட்டுத்தொகை 78. அப்புறம் 9-ஆல்கூட வகுபடாது.

1-இல் முடியும் எண்ணின் வர்க்கம் 1-இல்தான் முடியும். இதை ஒரு நொடி யோசித்திருந்தால் அந்த நோட்டு தப்பியிருக்கும். இப்போது பைத்தான் என்ற நிரல் மொழியில் பெருக்குகிறேன். முழு எண் எவ்வளவு நீண்டாலும் அப்படியே வைத்துக்கொள்ளும். ஆனால் அங்கேயும் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை தசம எண்ணாகி, இதே குழியில் விழுவீர்கள். இரட்டைச் சாய்கோடு போடுங்கள்.

ஒழுங்கு தொடரும் என்று நம்புவது

பத்து 1-களின் வர்க்கம் 1234567900987654321. நடு இடத்தில் 10 சேர்ந்துவிடுகிறது. அதிலுள்ள 1 இடப்பக்கம் ஏறி 9-ஐ 10 ஆக்க, அங்கிருந்து ஏறும் 1 பக்கத்திலுள்ள 8-ஐ 9 ஆக்குகிறது. இன்னொன்று: 31, 331, 3331 என்று 33333331 வரை எல்லாமே பகா எண்கள். அடுத்தது 333333331. அது 17 × 19607843.

சிறிய காரணி கிடைக்கவில்லை, எனவே பகா எண்

4294967297 பகா எண் என்று கணிதவியலாளர் ஃபெர்மா நினைத்தார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை 641-ஆல் வகுத்துக் காட்டினார்.

எழுதும் முறையை எண்ணின் குணமாக எடுத்துக்கொள்வது

12345678987654321-ஐ 0, 1 மட்டும் கொண்ட இரும எண்ணாக எழுதினால் அந்த ஏற்ற இறக்கம் இருக்காது. அதன் பகாக் காரணிகள் 3⁴ × 37² × 333667² என்பது எப்படி எழுதினாலும் இருக்கும்.