பீட்டா குளோபின் எம்ஆர்என்ஏவைத் தாளில் வெட்டி ஒட்டிப் பெறுவது எப்படி?

மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்என்ஏ அப்படியே எம்ஆர்என்ஏவாகி, புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குப் போவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள, ஒரு மரபணுவின் எழுத்துகளைத் தாளில் எழுதி நாமே வெட்டி ஒட்டிப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபின் புரதத்துக்குரிய மனித மரபணு இதற்கு மிகவும் ஏற்றது. சுமார் 1,600 எழுத்துகள், மூன்று எக்ஸான்கள் (எம்ஆர்என்ஏவில் எஞ்சும் பகுதிகள்), இரண்டு இன்ட்ரான்கள் (இடையிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதிகள்), அவ்வளவுதான்.

பொதுத் தரவுத்தளத்திலிருந்து எடுத்த வரிசையில் டி எழுத்துகளை எல்லாம் யூ என மாற்றுங்கள்; ஆர்என்ஏவில் டிக்குப் பதில் யூதான் இருக்கும். முதல் எழுத்துக்கு முன்னால் மெத்தில் குவானோசின் தொப்பியை வரையுங்கள். ஆர்என்ஏ இருபது, முப்பது எழுத்து நீளம் வளர்ந்ததுமே செல் இதைப் பொருத்திவிடுகிறது.

அடுத்து இன்ட்ரான்களை நீக்க வேண்டும். நிதானம் மிகவும் தேவைப்படும் இடம் இதுவே. இன்ட்ரான் ஜியூவில் தொடங்கி ஏஜியில் முடியும் என்ற விதியை மட்டும் நம்பி வெட்டினால் தவறிவிடுவீர்கள், ஏனெனில் ஜியூ வரிசை நெடுகிலும் பல இடங்களில் வருகிறது. வெட்டுமிடத்தை முதலில் அடையாளம் காணும் யூ1 என்ற சிறு ஆர்என்ஏ, 'சிஏஜி–ஜியூஏஏஜியூ' என்ற ஒன்பது எழுத்துகளோடு முழுமையாக இணையும். முதல் இன்ட்ரானின் தொடக்கத்தில் இருப்பதோ 'சிஏஜி–ஜியூயூஜிஜியூ'. ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: இன்ட்ரானின் மூன்றாம், நான்காம் எழுத்துகள் பொருந்தவில்லை. மீதமுள்ள ஏழில் ஒன்றான ஐந்தாம் எழுத்து ஜி, சியாக மாறினால், ஜியூ கெடாமல் இருந்தும் யூ1-இன் பிடி தளர்ந்து, பெரும்பாலான வெட்டு அருகிலுள்ள மூன்று தவறான இடங்களுக்குப் போய்விடுகிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை நோய்க்கு மிகுதியாகக் காணப்படும் பிறழ்வு இதுதான். இந்த ஓர் எழுத்துக்காகச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால், இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காதீர்கள்.

இன்ட்ரானின் மறுமுனையில், இறுதி ஏஜிக்கு முன்னால் யூவும் சியும் நிறைந்த ஒரு நீட்சி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் இன்ட்ரானில் 130 எழுத்துகளும் இரண்டாவதில் 850 எழுத்துகளும் நீங்க வேண்டும். வெட்டு சரிதானா என்பதை எண்ணிச் சோதிக்கலாம்: எக்ஸான்களில் புரதத்துக்கு உரிய பகுதிகள் 92, 223, 129, கூட்டினால் 444, அதாவது மூன்றெழுத்துச் சொற்களான கோடான்களாகப் பிரித்தால் 147 அமினோ அமிலங்களும் ஒரு நிறுத்தக் கோடானும். முதல் எக்ஸானின் கடைசி ஏஜியும் இரண்டாம் எக்ஸானின் முதல் ஜியும் சேர்ந்துதான் ஆர்ஜினினுக்கான ஏஜிஜி உருவாகிறது. ஓர் எழுத்து பிசகினாலும் அதன் பின்வரும் கோடான்கள் அனைத்தும் குலைந்துவிடும்.

இறுதியாக ஏஏயூஏஏஏ என்ற குறியைத் தேடி, அதற்குப் பத்து முதல் முப்பது எழுத்துகள் தள்ளி வெட்டி, ஏறக்குறைய 200 ஏ எழுத்துகளை ஒட்டுங்கள். இவற்றை மரபணுவில் தேடினால் கிடைக்காது. பாலி-ஏ பாலிமரேஸ் அச்சுவரிசை எதுவும் இல்லாமலே சேர்ப்பவை இவை. ஆகவே இந்த வாலையும் முன்பு வரைந்த தொப்பியையும் வேறு நிற மையில் எழுதுங்கள்.