உடம்பு தேறிய பிறகு மறுபடியும் டர்ட் பைக்: எங்கிருந்து ஆரம்பிப்பது?

இதய ரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழலான ஸ்டென்ட் வைத்து இரண்டரை வருடம் கழித்துத்தான், கரடுமுரடான மண் பாதையில் ஓட்டுகிற டர்ட் பைக்கில் மறுபடியும் ஏறினேன். ஏறிய ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிட்டது, கை எதையும் மறக்கவில்லை. கிளட்ச்சை எந்த இடத்தில் விடுவது, திருப்பத்தில் காலை எப்போது நீட்டுவது, எல்லாம் தானாக வந்தது. பத்தாவது நிமிடம் ஒரு சாதாரணத் திருப்பத்தில், நடக்கிற வேகத்தில், வண்டியைச் சாய்த்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் வண்டியைத் தூக்க முடியவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்து, மூச்சு வாங்கி, அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களின் சிக்கலே இதுதான். பழக்கம் ஒரே நாளில் திரும்பிவிடுகிறது. உடம்புக்கு மாதக்கணக்கில் ஆகிறது. நடுவில் இருக்கிற காலத்தில்தான் விழுவோம். எனக்கு இதயம், உங்களுக்கு முதுகோ முட்டியோ எலும்பு முறிவோ இருக்கலாம். எதுவானாலும் வரிசை கிட்டத்தட்ட இதேதான்.

படி 1: டாக்டரிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

"பைக் ஓட்டலாமா?" என்று கேட்டால் "தாராளமாக" என்பார். அவர் மனதில் இருப்பது ரோட்டில் ஆபீஸ் போகிற பைக். அதனால் நடப்பதை அப்படியே சொல்லுங்கள்: நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்டுவது, கையிலும் முதுகிலும் ஓயாத அதிர்வு, விழுவது நிச்சயம், விழுந்தால் நானே தூக்க வேண்டும். போனில் ஒரு நிமிட வீடியோ காட்டினால் இன்னும் நல்லது. நான் காட்டினேன். பதில் உடனே மாறியது.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் கூடவே இன்னொரு மாத்திரையும் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை தருவார்கள். அந்தச் சமயத்தில் தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாமலே உள்ளே ரத்தம் கசியும் அபாயம் கூடுதல். "இரண்டாவது மாத்திரையை நான் நிறுத்தச் சொன்ன பிறகு வாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார் என் டாக்டர். வண்டி ஓட்டுகிற ஆசையில் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்பாதீர்கள். அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். உடம்பு திணறிக்கொண்டிருக்கும், கடிகாரத்தில் எண் சாதுவாக இருக்கும். எலும்பு முறிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: வலி போனது வேறு, எலும்பு கூடியது வேறு. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

படி 2: வண்டியைத் தொடுவதற்கு முன் ஆறு வாரம்

ஜிம் தேவையில்லை. தினமும் நடை, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி தூக்கி நடப்பது, கையின் பிடிப்புக்கும் முன்கைக்கும் நல்லது. ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பது, சிரிப்பாக இருந்தாலும் உடம்பின் சமநிலைக்கு இதைவிட எளிய பயிற்சி இல்லை. எதைத் தூக்கினாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதீர்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

வண்டியில் நிற்கிற நிலையை வீட்டிலேயே பழகலாம். பாதத்தைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியை லேசாக மடக்கி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, முழங்கையை வெளியே தூக்கி நில்லுங்கள். முதல் நாள் எனக்கு நாற்பது நொடியில் தொடை நடுங்கியது. மூன்று நிமிடம் நிற்க வருகிற வரை நான் வண்டியின் உறையைக்கூடக் கழற்றவில்லை.

படி 3: வண்டியைச் சின்னதாக்குங்கள்

இது பலருக்குக் கசக்கும். என்னிடம் இருந்தது 450 சிசி மோட்டோகிராஸ் வண்டி, அதாவது மேடு பள்ளமான மண் டிராக்கில் பந்தயம் ஓட்டுகிற ரகம். ஐம்பது குதிரைத் திறனுக்கு மேல், சீட் உயரம் சுமார் 95 சென்டிமீட்டர். அதை விற்றுவிட்டு, காற்றில் குளிரும் என்ஜின் உள்ள 230 சிசி வண்டி வாங்கினேன். திறன் அதில் பாதிகூட இல்லை. ஆனால் சீட் ஏழெட்டு சென்டிமீட்டர் தாழ்வு, இரண்டு காலும் தரையில் படும். யமஹா டிடிஆர் 230, ஹோண்டா சிஆர்எஃப் 250 எஃப் போன்றவை இந்த ரகம். எலெக்ட்ரிக் ஸ்டார்ட் கட்டாயம் இருக்கட்டும். சரிவில் அணைந்துபோன வண்டியைப் பத்துத் தரம் உதைப்பது, ஒரு சுற்று ஓட்டுவதைவிட அதிகமாகக் களைக்க வைக்கும்.

படி 4: தூங்கின வண்டியை எழுப்புவது

உங்களிடம் பழைய வண்டியே இருந்தால், நீங்கள் படுத்திருந்த காலமெல்லாம் அதுவும் படுத்திருந்தது. டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் மாதிரி வாடை அடித்தால், கார்புரேட்டரில் ஊசித் துளை போன்ற பைலட் ஜெட் அடைத்திருக்கும். சோக் இழுத்தால் ஓடி, விட்டால் அணைவது அதன் அடையாளம். கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துளை வழியாக ஒளி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பஞ்சைக் கிள்ளிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் புதிது போடுங்கள். அந்தப் பொடி நேராக என்ஜினுக்குள் போகும். பிரேக் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது, இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். டயரில் 12 முதல் 14 பிஎஸ்ஐ காற்று. ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் கையை எடுத்தால் 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் கேபிளைச் சரி செய்யாமல் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்.

எனக்குப் பிடித்த வேலை ஸ்போக் பார்ப்பது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழலவிட்டு, சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்கள். இறுக்கமானது மணி மாதிரி 'டிங்' என்னும். தளர்ந்தது 'தொப்' என்னும். பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், காதுக்குத்தான் தெரியும்.

ஹெல்மெட்டுக்கு ஐந்து வருடம் ஆகியிருந்தால் புதிது வாங்குங்கள். பழைய பூட்ஸைப் போட்டு நடந்து பாருங்கள்; ஷெல்ஃபில் சும்மா கிடந்தே அடிப்பாகம் பெயர்ந்துவிடும். நெஞ்சுக் கவசம் தழும்பில் உரசுகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். உங்கள் நோய், மாத்திரைப் பெயர்கள், வீட்டு எண் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

படி 5: முதல் நாள், முதலில் தூக்கும் பரீட்சை

சமதளமான மண், கூட ஒரு ஆள். என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, வண்டியை மெல்லக் கீழே படுக்க வையுங்கள். வலது பக்கமாகப் படுத்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்திய வண்டி இடது பக்கமாக விழும்.

இப்போது வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் புட்டம் படும்படி குந்துங்கள். ஹேண்டில்பாரைத் தரையில் இருக்கும் பக்கமாக முழுவதும் திருப்பி, அந்தப் பிடியை ஒரு கையால் பிடியுங்கள். இன்னொரு கை சீட்டுக்குக் கீழே ஃபிரேமில். முதுகை வளைக்காமல், காலால் தரையை உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். கையால் தூக்குகிற வேலையே இல்லை, வண்டி தொடையின் பலத்தில் எழும். சரிவில் விழுந்தால் முதலில் சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி வண்டியை மண்ணில் இழுத்துத் திருப்பிவிட்டுத் தூக்குங்கள், எடை பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும்.

இப்படி மூன்று தரம், நடுவில் இரண்டு நிமிட ஓய்வோடு. மூன்றாவது தரம் தூக்கியபின் முழு வாக்கியம் பேச மூச்சு இருக்கிறதா? இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய் இன்னும் மூன்று வாரம் வாளி தூக்குங்கள். அந்த முதல் நாள் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

படி 6: ஓட்டுவது

ஐந்து நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் ஓய்வு, நாலு சுற்று. முதல் நாளுக்கு அவ்வளவே. கிளட்ச்சைப் பாதி பிடித்து நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். நின்றுகொண்டு நேராக ஓட்டுங்கள். முட்டியால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் கைப்பிடி தானாகத் தளரும். முன்கை கல்லாக இறுகிப்போவதற்குப் பாதிக் காரணம் கால் சும்மா இருப்பதுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் நேரம், தரை, வேகம் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மணல் பாதைக்குப் போகிற நாளில் பழைய நேரமே போதும்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி உதவி கூப்பிடுங்கள், "கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும்" என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். களைப்புக்கு வேறு அடையாளங்கள் உண்டு. நிற்க வேண்டிய இடத்தில் உட்காருவோம். கியர் தவறும். எல்லாவற்றுக்கும் முந்தியது கண்: தெம்பாக இருக்கும்போது பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கும், களைத்தால் முன் மட்கார்டு மேலேயே வந்து விழுந்துவிடும். அதைக் கவனித்த சுற்றே அன்றைக்குக் கடைசிச் சுற்று. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று போனவன் நான், அதனால் சொல்கிறேன்.

மறுநாள் தசை வலிக்கும், இரண்டு நாளில் போகும். மூட்டு வீங்கினாலோ, ஆபரேஷன் செய்த இடம் வலித்தாலோ அடுத்த வாரம் லீவு.

எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டுகிறேன். டிராக்கில் பசங்கள் பறக்கிற உச்சி தட்டையான அந்தப் பெரிய டேபிள்டாப் மேட்டை மட்டும் இன்னும் ஓரமாகச் சுற்றித்தான் போகிறேன்.