எஸ்எஸ்7 சிக்னலிங்கை ஐபி மேல ஏத்துறது எப்படி: எம்3யூஏ லிங்க் போடப் போறவங்களுக்கு

எஸ்எஸ்7ங்கிறது போன் நெட்வொர்க் நோடுங்க கால், எஸ்எம்எஸ் பத்தி தங்களுக்குள்ள பேசிக்கிற சிக்னலிங் முறை, எம்3யூஏ அத ஐபி மேல கொண்டு போற அடுக்கு. எம்எஸ்சிக்கும் (மொபைல் கால் ஸ்விட்ச்) எஸ்டிபிக்கும் (சிக்னலிங் மெசேஜை வழி பாத்து அனுப்புற நோடு) நடுவுல இருக்கிற பழைய இ1 (டெலிகாம் டிஜிட்டல் லைன்) லிங்க்கை எடுத்துட்டு ஐபில போடுங்கன்னு சொன்னா, நிறைய பேர் ரெண்டு பக்கமும் அட்ரஸ் குடுத்து போர்ட் 2905 திறந்துவிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. லிங்க் மேல வந்துரும், அது பெரிய விஷயமில்ல. ஆனா லிங்க் செத்தா சட்டுனு கண்டுபிடிக்கிறது, மெசேஜ் வரிசை மாறாம கொண்டு போறது, எதிர்ல இருக்கிற பாயிண்ட் கோடுக்குப் (ஒரு நோடோட எஸ்எஸ்7 அட்ரஸ்) போக வழி இருக்கா இல்லையான்னு மேல சொல்றது, இதெல்லாம் எம்டிபி (எஸ்எஸ்7ஓட பழைய கீழ் அடுக்கு) இத்தனை வருஷமா சத்தமில்லாம பண்ணிட்டிருந்த வேலை. இப்ப அத ஒவ்வொண்ணா நீங்கதான் செட் பண்ணி வாங்கணும்.

முதல்ல எந்த அடாப்டேஷன்னு, அதாவது எஸ்எஸ்7ஐ ஐபிக்கு ஏத்த மாதிரி மாத்துற அடுக்கு எதுன்னு, முடிவு பண்ணுங்க. எம்எஸ்சி, எச்எல்ஆர் (சப்ஸ்கிரைபர் டேட்டாபேஸ்), எஸ்எம்எஸ்சி (எஸ்எம்எஸ் சென்டர்) மாதிரி கடைசி நோடுன்னா எம்3யூஏ, அதுக்கு ஸ்டாண்டர்டு ஆர்எஃப்சி 4666. ரெண்டு எஸ்டிபிக்கு நடுவுலன்னா எம்2பிஏ நல்லது, ஏன்னா அதுல எம்டிபி3 (எம்டிபில ரவுட்டிங் பாக்குற அடுக்கு) முழுசா மேல அப்படியே இருக்கும், சேஞ்ச்ஓவர் (செத்த லிங்க்லருந்து வேற லிங்க்குக்கு மாத்துறது) பண்ணும்போது மெசேஜ் தொலையாது. எம்2யூஏ, எஸ்யூஏன்னு இன்னும் ரெண்டு அடாப்டேஷன் இருக்கு, அத எதிர்ல இருக்கிறவங்க கேட்டா பாத்துக்கலாம்.

கீழ எல்லாத்துக்கும் எஸ்சிடிபிதான், டிசிபி மாதிரியே ஐபி மேல டேட்டாவைக் கொண்டு போற புரோட்டோகால். டிசிபில ஒரு பாக்கெட் தொலைஞ்சா பின்னாடி வந்த எல்லாமே, வேற வேற சப்ஸ்கிரைபரோட மெசேஜா இருந்தாலும், அது வர்ற வரைக்கும் காத்து நிக்கும். எஸ்சிடிபில ஸ்ட்ரீம் ஸ்ட்ரீமா பிரிச்சதால ஒண்ணு நின்னா அது மட்டும்தான் நிக்கும். 2000ல இத எழுதினதே சிக்னலிங்குக்காகத்தான்.

ஃபயர்வால் ஆளுங்ககிட்ட கேக்கும்போது "டிசிபி 2905 திறங்க"ன்னு தப்பித்தவறிக்கூட சொல்லிராதீங்க. ஐபி புரோட்டோகால் நம்பர் 132ன்னு எழுதியே குடுங்க. டெல்நெட் அடிச்சு செக் பண்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, அது டிசிபி. நடுவுல நேட் (ஐபி அட்ரஸை மாத்தி அனுப்புறது) இருந்தா எடுக்கச் சொல்லுங்க, எஸ்சிடிபி கனெக்ஷனை ஆரம்பிக்க அனுப்புற இனிட் மெசேஜுக்குள்ளயே தன்னோட எல்லா ஐபியையும் எழுதி அனுப்பும், நேட் வெளிய இருக்கிற ஹெடரை மட்டும் மாத்திட்டு உள்ள இருக்கிறத விட்டுரும், அப்புறம் ரெண்டாவது ஐபி வழியா போற பாதை எந்தக் காலத்துலயும் வேலை செய்யாது.

வயர்ஷார்க்ல (பாக்கெட்டைப் பிடிச்சுக் காட்டுற டூல்) பாத்தா இனிட், இனிட் ஆக், குக்கி எக்கோ, குக்கி ஆக்னு நாலு வரும். அசோசியேஷன் (எஸ்சிடிபி கனெக்ஷன்) அப். இங்கதான் பாதி பேர் கைதட்டிட்டு வீட்டுக்குப் போயிடுறாங்க. இதுக்கு மேல எம்3யூஏல ஏஎஸ்பி (உங்க பக்கம் ஓடுற ப்ராசஸ்) அப் போயி அதுக்கு ஆக் வரணும், அப்புறம் ஏஎஸ்பி ஆக்டிவ் போயி அதுக்கும் ஆக் வரணும், கூடவே எதிர்லருந்து ஏஎஸ் (ஏஎஸ்பிங்க சேர்ந்த குழு) ஆக்டிவ்னு நோட்டிஃபை வரணும். அது வர்ற வரைக்கும் ஒரு டேட்டா மெசேஜ்கூட நகராது. ஏஎஸ்பி ஆக்டிவ் அனுப்பினதும் எரர் வந்தா கோடு என்னன்னு பாருங்க. ஹெக்ஸ்ல 19னா ரவுட்டிங் கான்டெக்ஸ்ட் (எந்த ஏஎஸ்னு காட்டுற) நம்பர் ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல. 05னா டிராஃபிக் மோடு ஒத்துப்போகல, நீங்க லோட்ஷேர் (எல்லா ஏஎஸ்பியும் பகிர்ந்துக்கிறது) போட்டிருப்பீங்க, அவங்க ஓவர்ரைடு (ஒண்ணு மட்டும் எடுத்துக்கிறது) போட்டிருப்பாங்க.

எரரே வராம மெசேஜ் மட்டும் காணாமப் போகுதுன்னா பாயிண்ட் கோடைப் பாருங்க. ஒருத்தர் 2-45-3ன்னு எழுதுவார், இன்னொருத்தர் டெசிமல்ல கேப்பார். ஐடியூ ஸ்டாண்டர்டுல பாயிண்ட் கோடு 14 பிட், 3-8-3ன்னு பிரியும், அதனால 2ஐ 2048ஆலயும் 45ஐ 8ஆலயும் பெருக்கி கூட 3, மொத்தம் 4459. கால்குலேட்டர்ல ஒருதடவை போட்டுப் பாத்துட்டே எழுதுங்க. நெட்வொர்க் இண்டிகேட்டரும் (நாட்டுக்குள்ள நெட்வொர்க்கா, சர்வதேசமான்னு காட்டுற நம்பர்) அப்படித்தான், ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 3னு இருந்தா ட்ரேஸ்ல எல்லாம் அழகா தெரியும், வேலை மட்டும் நடக்காது.

ஸ்ட்ரீம் விஷயம் சின்னது. ஸ்ட்ரீம் 0 மேனேஜ்மென்ட்டுக்கு, டேட்டா அதுல போகக்கூடாது. மத்த ஸ்ட்ரீமுக்கு எஸ்எல்எஸ்ஸை (மெசேஜ் எந்த லிங்க்ல போகணும்னு தேர்ந்தெடுக்க அதுலயே இருக்கிற நம்பர்) வச்சு பிரிங்க, ஒரே எஸ்எல்எஸ் எப்பவும் ஒரே ஸ்ட்ரீம்ல போனாத்தான் வரிசை மாறாது. ஐடியூல எஸ்எல்எஸ் 16தான், அதனால டேட்டாவுக்கு 16 ஸ்ட்ரீமுக்கு மேல வச்சு ஒரு லாபமும் இல்ல.

இப்ப டைமர், இதுல அவசரப்படாதீங்க. டீஃபால்ட்ல ஆர்டிஓ (ஆக் வராட்டி திரும்ப அனுப்ப காத்திருக்கிற நேரம்) மினிமம் 1 செகண்ட், மேக்ஸிமம் 60 செகண்ட், பாத் மேக்ஸ் ரீடிரான்ஸ் (ஒரு பாதையில எத்தனை தடவை திரும்ப அனுப்பலாம்) 5. ஒரு பாதை செத்தா 1, 2, 4, 8, 16, 32னு இரட்டிச்சுக்கிட்டே போயி 63 செகண்ட் கழிச்சுத்தான் அது செத்துச்சுன்னே முடிவாகும். அதுவரைக்கும் புது மெசேஜெல்லாம் செத்த பாதையிலயே முதல்ல போயி, டைமவுட் ஆகி, அப்புறம்தான் அடுத்த பாதைக்கு வரும். மேப்ல (மொபைல் நோடுங்க பேசிக்கிற எஸ்எஸ்7 புரோட்டோகால்) லொக்கேஷன் அப்டேட்டுக்கு டைமரே 15லருந்து 30 செகண்ட்தான்! நான் வைக்கிறது மினிமம் 400 மில்லிசெகண்ட், மேக்ஸிமம் 1 செகண்ட், ரீடிரான்ஸ் 3, 0.4, 0.8, 1, 1னு கூட்டினா சுமாரா மூணேகால் செகண்ட்ல முடிவு தெரிஞ்சிரும். ஆசைப்பட்டு 100 மில்லிசெகண்ட்னு இறக்காதீங்க, எதிர்பக்கம் ஆக்கை 200 மில்லிசெகண்ட் வரைக்கும் சேர்த்து வச்சு அனுப்பும், தொலையாத பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிட்டிருப்பீங்க. அசோசியேஷன் மேக்ஸ் ரீடிரான்ஸ் எல்லாப் பாதையோட கூட்டுத்தொகையத் தாண்டக்கூடாது, ரெண்டு பாதைக்கு மூணு மூணுன்னா 6.

மல்டிஹோமிங்ல (ஒரே அசோசியேஷனுக்கு ரெண்டு ஐபி பாதை வைக்கிறது) நான் பட்டதைச் சொல்றேன். ஒரு ஆபரேட்டர் சைட்ல ரெண்டு ஐபி, ரெண்டு கார்டு, ரெண்டு ஸ்விட்ச்சு, எல்லாம் பக்கா. ராத்திரி ஒரு மணிக்கு டெஸ்டுக்காக முதல் ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணினோம், அசோசியேஷன் மொத்தமா போயிருச்சு. டிசிபிடம்ப்பை (பாக்கெட் பிடிக்கிற லினக்ஸ் டூல்) ரெண்டாவது கார்டுல போட்டுப் பாத்தா உள்ள ஹார்ட்பீட் (பாதை உயிரோட இருக்கான்னு பாக்குற மெசேஜ்) வருது, வெளிய ஒண்ணுமே போகல. லினக்ஸ்ல டீஃபால்ட் ரூட் ஒண்ணுதான் இருந்துச்சு, ரெண்டாவது ஐபிலருந்து கிளம்பின பதிலும் முதல் கார்டு வழியாவே போயிட்டிருந்திருக்கு. எல்லாம் நல்லா இருந்தவரைக்கும் ரெண்டு பாதையும் ஆக்டிவ்னுதான் காட்டுச்சு, அதான் யாருக்கும் தெரியல. சோர்ஸ் ஐபிய வச்சு தனி ரூட் டேபிள் எழுதினதுக்கப்புறம்தான் சரியாச்சு. அதனால ஸ்டேட்டஸ் ஸ்க்ரீனை மட்டும் நம்பாதீங்க, ஒவ்வொரு கார்டுலயும் தனித்தனியா கேப்சர் போட்டு ஹார்ட்பீட் போறதும் வர்றதும் ரெண்டையும் கண்ணால பாருங்க.

கடைசியா, டிராஃபிக் ஓடிட்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிப் பாருங்க, சும்மா இருக்கும்போது பிடுங்கினா டைமரோட உண்மை தெரியாது. அடுத்து எஸ்டிபிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு நோடை இறக்கச் சொல்லி டூனா மெசேஜ் (அங்க போக வழி இல்லன்னு சொல்றது) வருதா, ஏத்தினதும் டாவா (வழி திரும்ப வந்துச்சுன்னு சொல்றது) வருதான்னு பாருங்க. ரெண்டும் சரின்னா லோடை ஒரே அடியா மாத்தாம கொஞ்சம் கொஞ்சமா தள்ளுங்க, பழைய இ1 லிங்க்கை இன்ஹிபிட் (டிராஃபிக் போகாம நிறுத்தி வைக்கிறது) மட்டும் போட்டு ஒரு பண்டிகை நாள் டிராஃபிக் தாண்டுற வரைக்கும் ரேக்லயே விட்டு வைங்க.