ஓர் அல்பத்துக்குப் பல ஆண்டு: ஜாக்ரபிட் ஓக்கில் பிழைவிடாமல் தேடுவது

கிளிநொச்சிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பழைய கலியாண வீட்டு, சாமத்திய வீட்டு அல்பங்களை ஸ்கேன் பண்ணி ஜாக்ரபிட் ஓக் என்ற, தரவைச் சேமித்துத் தேடும் மென்பொருளில் போட்டு வருகிறேன். அல்பத்துக்கு ஒரு நோட் (ஒரு பதிவு), அதில் 'ஊர்', 'ஆண்டு' என்று இரண்டு புரொப்பர்ட்டி (விவரம்). வன்னியில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஊர் எங்கே இருக்கிறது, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து நாலைந்து சேர்ந்திருக்கும், அதனால் இரண்டையும் பல மதிப்பு வைக்கிற மாதிரித்தான் அமைத்தேன்.

தேடுவது சுகம். அதன் குவெரி (தேடல்) மொழியான ஜேசிஆர்-எஸ்கியூஎல்2 இல் ஊர் = 'மாங்குளம்' என்று சாதாரணமாக எழுதுங்கள், உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே நோட் வந்துவிடும். மாங்குளமும் வேண்டும் மல்லாவியும் வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை எழுதி நடுவில் அண்ட் போடுங்கள். வந்ததை நிரலில் வாசிக்கும்போது மட்டும், ஒற்றை மதிப்பை எடுக்கும் கெட்ஸ்ட்ரிங் கூப்பிட்டால் எக்செப்ஷன் (பிழை) எறியும், எல்லா மதிப்பையும் எடுக்கும் கெட்வல்யூஸ்தான் சரி.

வில்லங்கம் 'இல்லை'யில் தொடங்கும். ஊர் <> 'மாங்குளம்' (சமனில்லை) என்றால் மாங்குளம் அல்லாத ஒரு மதிப்பாவது இருந்தால் போதும் என்றுதான் அர்த்தம், ஆகவே மாங்குளம், மல்லாவி இரண்டும் உள்ள அல்பமும் வந்து நிற்கும். மாங்குளமே இருக்கக்கூடாதென்றால் நொட் (ஊர் = 'மாங்குளம்') என்று எழுதுங்கள். இதில் ஊரே பதியாத நோட்களும் சேர்ந்து வரும், அவை வேண்டாமென்றால் 'ஊர் ஈஸ் நொட் நல்' (ஊர் வெறுமையாக இல்லை) என்பதையும் சேருங்கள்.

நான் சறுக்கியது ஆண்டில். ஆண்டு >= 1990 அண்ட் ஆண்டு <= 2009 என்று தேடினேன். ஓர் அல்பம் வந்தது. அந்தக் காலத்துப் படம் தப்பி வந்திருக்கிறதே என்று ஆசையாய்த் திறந்தால் உள்ளே 1985 உம் 2012 உம்தான். இடையில் ஒன்றும் இல்லை! 2012 முதல் நிபந்தனைக்குப் பொருந்தியது, 1985 இரண்டாவதுக்கு. இரண்டுக்கும் ஒரே மதிப்பு பொருந்தவேண்டும் என்று சொல்ல இந்தக் குவெரி மொழியில் வழியில்லை.

இரண்டு மூன்று ஆண்டுதானென்றால் ஒவ்வொன்றையும் சமன் போட்டு எழுதி நடுவில் 'ஓர்' (OR, அல்லது) கொடுத்து இணைத்துவிடலாம். இருபது ஆண்டை யார் அடிப்பது? நான் அல்ப நோட்டுக்குக் கீழே படத்துக்கு ஒரு சைல்ட் நோட் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆண்டை வைத்து அந்த நோட்களில் தேடுகிறேன், எந்த அல்பம் என்பதை கெட்பேரன்ட் சொல்லும். 1990 முதல் 2009 வரை என்று கேட்டால் அந்த அல்பம் இப்போது வருவதில்லை.