வீட்டு நடையில் பத்து மீட்டர்: இருவருக்கான பிஸ்டல் பயிற்சி

கணவனும் மனைவியுமாகப் பிஸ்டல் பழக நினைப்பவர்கள் தோட்டா போடும் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். அதற்கு உரிமம் வேண்டும். தோட்டாவை நாமே தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கென்று வேறு உரிமம். 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழல் துளை, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு அந்த அலைச்சல் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் கலப்பு அணியில் வெண்கலம் வென்றது இதைக் கொண்டுதான்.

காட்பாடியில் எங்கள் வீடு பழைய நீள வீடு. வாசலில் நின்றால் புழக்கடைக் கதவு தெரியும். பத்து மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. மொட்டை மாடி வேண்டாம், தப்பிய குண்டு பக்கத்து வீட்டுக்குப் போகும். புழக்கடைக் கதவைப் பூட்டிச் சாவியைச் சுடுபவர் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரம். அட்டைக்குப் பின்னால் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த மரப்பெட்டி, அதற்கும் பின்னால் சுவர். இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சுடாதவர்தான் உத்தரவு சொல்ல வேண்டும். "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்" என்ற மூன்றைத் தவிர வேறு சொல் செல்லாது. என் கணவர் "என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டால் நான் அசையமாட்டேன். உத்தரவு வரும் வரை துப்பாக்கி மேசையில், வாய் இலக்கைப் பார்த்து, குழலுக்குள் குண்டு இல்லை என்று காட்டும் வண்ணக் கயிற்றுடன் கிடக்கும்.

குண்டுகளைப் பொறுக்குவதுதான் எனக்குப் பிடித்த வேலை. இலக்குச் சுடும் ஈயக் குண்டுக்குத் தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், பின்புறம் மெல்லிய வட்ட விளிம்பு. காற்று அழுத்தும்போது அந்த விளிம்புதான் விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். டப்பா கீழே விழுந்தால் முதலில் நசுங்குவதும் அதுதான். கண்ணாடித் துண்டின் மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள்: நல்ல குண்டு சீராக வளைந்து உருளும், நசுங்கியது தத்தும். தத்துகிறவற்றை எடையைப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கை இதற்கு உடனே பழகிவிடும். ஆனால் அரிசி முறத்தைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், ஈயம் நஞ்சு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அடுப்படிப் பக்கம் போகக் கூடாது.

குறி பார்ப்பதில் எல்லோரும் தடுமாறும் இடம் கண். இலக்கைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்படுவோம். தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி, அதாவது குழல் முனையில் நிற்கும் சிறு குறிக்கட்டை. கண்ணுக்கு அருகே பிளவுடன் இருப்பது பின்குறி. பின்குறிக்கும் முன்குறிக்கும் நடுவே சுமார் 36 செ.மீ. என்றால், முன்குறி 1 மி.மீ. விலகினாலே பத்து மீட்டரில் ஏறக்குறைய 28 மி.மீ. விலகும். நடுப்புள்ளிக்குப் போக வேண்டிய குண்டு ஏழு மதிப்பெண் வளையத்தில் போய் விழும். பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான். கை ஆடட்டும், அது எல்லோருக்கும் ஆடும். குறிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால், விசையை நேர் பின்னாகச் சீராக இழுத்தால், மோசமான சுடுகூட நடுவைவிட்டு வெகுதூரம் போகாது.

இருவர் இருப்பதன் பயன் இதில்தான். பார்ப்பவர் இலக்கு அட்டையைப் பார்க்கவே கூடாது. சுடுபவரின் விரலையும் மணிக்கட்டையும் பார்க்க வேண்டும். துப்பாக்கியைப் பார்ப்பவரே தயார் செய்து கொடுக்கட்டும், சில முறை குண்டு போட்டும் சில முறை போடாமலும். எது எது என்று சுடுபவருக்குத் தெரியாது. ஆனாலும் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். காலியாக இருக்கும்போது மணிக்கட்டு கீழே குனிந்தால், சத்தத்துக்கு முன்பே கை பயந்திருக்கிறது என்று பொருள். இதை மட்டும் சொல்லுங்கள். "இப்படிப் பிடி, அப்படி நில்" என்று தொடர்ந்தால் அன்றைய பயிற்சி குடும்பச் சண்டையில் முடியும். சரியாகப் பிடித்திருப்பதாக நினைக்கும்போது குறுக்கே பேசினால் எந்த மனைவிக்கும் பிடிக்காது.

துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் இருக்கும். வேலூர் வெயிலில் நிறுத்திய காரில் அதை ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்து ஆண்டுகள் தாண்டியதைப் பயன்படுத்தாதீர்கள். போட்டியில் 75 நிமிடத்தில் 60 சுடு. வீட்டில் ஆளுக்கு 30 போதும். தோள் களைத்த பிறகு சுடுவதெல்லாம் தவறான பழக்கத்துக்குப் பயிற்சி.