சொந்தப் படகில் மாலத்தீவு, இலங்கை: கயிறு அவிழ்க்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

குமரி மாவட்டத்து நீரோடியில் உலர்த்திய வலையின் மறுமுனை கேரளத்துப் பொழியூரில் கிடக்கும். காலையில் தேங்காய்ப்பட்டணத்தில் கிளம்பிய வள்ளம் மதியம் விழிஞ்ஞத்தில் நின்றால் யாரும் பாஸ்போர்ட்டா கேட்கப் போகிறார்கள்? இப்படிப் பழகிய கரை இது. அதனால்தானோ என்னவோ, இங்கே ஒருவர் பாய்மரப் படகோ மோட்டார் படகோ வாங்கியதும் அதே பழக்கத்தில் மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறார்.

தூரம் மலைக்க வைப்பதில்லை. விழிஞ்ஞத்திலிருந்து இலங்கையின் காலி (Galle) துறைமுகம் ஏறக்குறைய 240 கடல் மைல். மாலத்தீவின் வடக்கு ஓரத்திலுள்ள உலிகமு 250. மணிக்கு 5 மைல் போனால் இரண்டு பகல், இரண்டு இரவு. தவறு நடப்பது பெரும்பாலும் அதற்கு முன்பு, கரையில்.

புறப்படும் துறை

படகு கட்டியிருக்கும் இடத்திலிருந்தே நாட்டைவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைப்பது முதல் தவறு. சுங்கச் சட்டம் 1962, 42ஆம் பிரிவின்படி சுங்க அதிகாரியின் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் எந்தக் கலமும் வெளிநாட்டுக்குக் கிளம்பக் கூடாது. பாஸ்போர்ட்டில் முத்திரையும் அதற்கென்று அறிவித்த துறைமுகத்தில்தான் விழும். ஆறு கடலில் சேரும் பூவார் பொழியிலும் தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்திலும் அது நடக்காது.

இந்தக் கரைக்காரர்களுக்குத் தோதான துறைமுகங்கள் இரண்டு. மாலத்தீவு என்றால் கொச்சி; அங்கிருந்து உலிகமு சுமார் 260 மைல், அதாவது விழிஞ்ஞத்திலிருந்து போவதைவிட 10 மைல்தான் அதிகம். கொச்சிவரை வடக்கே ஏறும் 105 மைல்தான் உண்மையான கூடுதல் செலவு. இலங்கை என்றால் தூத்துக்குடி. காலிக்குச் சுமார் 200 மைல். இந்த ஒரு நாள் ஓட்டத்தை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போய்ச் சேரும் துறைமுகத்தில் முதலில் கேட்கும் தாளே கடைசித் துறைமுகம் கிளம்ப அனுமதித்த கிளியரன்ஸ்தான். அது இல்லாத படகு அங்கே சுற்றுலாப் படகாகக் கருதப்படாது.

பதிவுச் சான்றிதழிலும் இதே குழப்பம். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி வாங்கிய பதிவு இந்தியா முழுவதும் செல்லும், ஆனால் உள்நாட்டு நீர்வழியில் மட்டும். கொல்லத்து அஷ்டமுடிக் காயலுக்கு எடுத்த தாள் கடலுக்கு ஆகாது. மீன்பிடிப் படகை வாங்கி மேலே ஒரு தளம் ஏற்றி உல்லாசப் படகாக்குவது இன்னும் மோசம். எடை மேலே ஏறினால், சாயும் படகு நிமிரும் திறனை இழக்கிறது. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் இப்படி மாற்றிய மீன்பிடிப் படகுதான்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் படகு எதுவரை போகலாம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். படகு உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம், நோட்டரி கையெழுத்தோடு, அசலாகக் கையில் இருக்கட்டும்.

அந்தப் பக்கம்

போகிற வழியில் மினிக்காயில் ஒரு இரவு தங்கலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். லட்சத்தீவு இந்தியாதான்; இருந்தும் வெளியாருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அதைக் கரையிலிருந்தே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மாலத்தீவில் மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் மூன்றும் தடைப் பட்டியலில் இருப்பவை. படகிலுள்ள மதுவை நீங்களே அறிவித்துவிட்டால் சுங்கத்தார் பூட்டி முத்திரை வைப்பார்கள். அறிவிக்காமல் அகப்பட்டால் கதை வேறு. ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிய பிள்ளையாரையும் கேபினில் வைத்த மாதா சொரூபத்தையும் வீட்டில் விட்டுச் செல்வதே நல்லது. இலங்கையின் காலியில் ஏஜென்ட் இல்லாமல் நுழைய முடியாது. கடற்படை வந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். இரண்டு நாட்டிலும், நுழைவு அனுமதி கேட்பதைக் காட்டும் மஞ்சள் கொடியை வலப்பக்கம் ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். முத்திரை விழும்வரை யாரும் 'சும்மா ஒரு டீ' என்று இறங்கக் கூடாது.

உதவி கேட்கும் வழி

கல்ஃபிலிருந்து வரும் மச்சான் அன்பாக ஒரு துரையா சாட்டிலைட் போன் கொண்டுவந்து கொடுப்பார். அனுமதியில்லாமல் துரையா, இரிடியம் போன்களை இந்திய எல்லைக்குள் வைத்திருப்பது குற்றம். செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவி பார்க்கச் சின்னதாக இருந்தாலும் ஓடுவது இரிடியம் வலையில்தான். அதை வைத்திருந்த சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். சட்டப்படி கிடைப்பது பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மார்சாட் சாட்டிலைட் போன். அதற்கும் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், நாளாகும்.

ஆபத்தில் சாட்டிலைட் வழியாக அபாய சிக்னல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிர்ப் (EPIRB) கருவியைப் பழையதாக வாங்குவோர் அதற்குள் இருக்கும் நாட்டுக் குறியீட்டைப் பார்ப்பதில்லை. இந்தியப் படகுக்கு அது 419 என்று இருக்க வேண்டும். வேறு நாட்டுக் குறியீடு இருந்தால், நீங்கள் குமரிக்கடலில் மூழ்கும்போது அந்த நாட்டு அதிகாரி பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். கருவியைச் சோதிக்க 'டெஸ்ட்' பொத்தான் தனியாக இருக்கிறது. நிஜமாக இயக்கிப் பார்க்காதீர்கள்.

படகு மூழ்கினால் ஏறித் தப்பிக்கும் மிதவையான லைஃப் ராஃப்ட் வாங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடுவது அதைக் கட்டும் விதத்தில். டெக்கில் பெட்டியாகப் பொருத்தும் ராஃப்டோடு உள்ளங்கையளவு ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஸ் ஒன்று வரும். படகு மூழ்கி 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் போனதும் நீரழுத்தத்தில் உள்ளிருக்கும் கத்தி விடுபட்டு, ராஃப்டைக் கட்டியிருக்கும் கயிற்றை அறுக்கும். ராஃப்ட் மேலே எழும்பும்போது அதைப் படகோடு இணைக்கும் பெயிண்டர் கயிறு இழுபட்டுக் காற்று நிரம்பும். பிறகு அந்தக் கயிற்றைப் பிடித்திருக்கும் சிவப்பு இணைப்பு, சுமார் 220 கிலோ இழுப்பில், தானே அறுந்து ராஃப்டை விட்டுவிடும். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? அந்தச் சிவப்பு இணைப்பு மெலிதாக இருக்கிறதே என்று பெயிண்டரை நேரே டெக் வளையத்தில் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். முடிச்சு நல்ல முடிச்சுதான், ஆனால் ராஃப்ட் படகோடு கீழே போய்விடும். இந்த ரிலீஸுக்கு ஆயுள் 2 வருடம். மாட்டும் நாளிலேயே காலாவதி மாதத்தை லேபிளில் குறித்துவிடுங்கள்.

காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டில், 150 நியூட்டன் வகை என்றால், 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். அதிர்வில் அது கழன்று தளர்வது சகஜம், கையால் திருகிப் பாருங்கள். சிலிண்டரின் மொத்த எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். சமையலுக்கு வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைக் கேபினுக்குள் வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் படகின் அடியில் தங்கி, இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பொறிக்காகக் காத்திருக்கும்.

காலமும் கணக்கும்

ஆனி, ஆடிக் கடலில் இந்தப் பயணம் வேண்டாம் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏமாறுவது பங்குனி, சித்திரையில். வானம் வெளுத்து, காற்று அடங்கியிருக்கும்போதே கள்ளக்கடல் ஏறும். அதன் அலை தொலைதூரத் தென்கடலில் பிறந்து வருவது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையைப் பார்க்காமல் பொழிமுகம் கடக்காதீர்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. விஹெச்எஃப் ரேடியோ சில பத்து மைல்களுக்கு மேல் எட்டாது. எனவே மூன்று நாள் முன்னறிவிப்பைக் கரையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

குமரிமுனைக்குத் தெற்கே சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும். 8 மைலில் தெரியும் கப்பல் 15 மைல் வேகத்தில் எதிரே வந்தால், உங்கள் 5 மைலும் சேர்ந்து 24 நிமிடத்தில் மேலே நிற்கும். காவலுக்கு இருப்பவர் அரை மணி கண்ணயர்ந்தால் போதும். டீசலில் மூன்றில் ஒரு பங்கு தொடாத இருப்பாக இருக்கட்டும்.

கிளம்பும் முன் வழி, ஆட்களின் பெயர், இபிர்ப் எண், சேரும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள். எத்தனை மணி தாமதமானால் கடலோரக் காவல்படையின் 1554ஐக் கூப்பிட வேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததும், மஞ்சள் கொடி ஏற்றிய கையோடு, அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். மறந்தால் நீங்கள் எழுதியபடியே அவர் செய்துவிடுவார்.