வெனிஸில் படிக்கும் மாணவருக்கு: ஊரைச் சுற்ற ஒரு வாரம்

வெனிஸ் நடந்து பார்க்க வேண்டிய ஊர். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்க்கோ சதுக்கத்துக்கு நிதானமாக நடந்தாலும் முக்கால் மணி நேரம்தான். படகு தீவுகளுக்குத்தான் வேண்டும். அதை வைத்தே வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாப்போரெத்தோ எனப்படும் பொதுப் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, ஏழு நாள் பாஸ் 65 யூரோ. 6 முதல் 29 வயதுக்காரர்கள் 6 யூரோவுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை எடுத்தால் 72 மணி நேரப் பாஸ் 27 யூரோதான். (விலை அவ்வப்போது ஏறும், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.) நேரம் ஓடத் தொடங்குவது முதல் முறை இயந்திரத்தில் தட்டும்போது. ஆகவே வெள்ளிக்கிழமை தட்டி, தீவுகளையெல்லாம் வாரக் கடைசியில் முடியுங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் தட்ட வேண்டும். பாஸ் கையில் இருந்தும் தட்டாதவருக்கு அபராதம் உண்டு. ஒரு செமஸ்டர் முழுக்க இருப்பவருக்கு, அடிக்கடி படகில் போகிறவர்களுக்கான வெனேசியா உனிக்கா அட்டைதான் கட்டுப்படியாகும்.

முகவரிதான் பலரையும் அலைக்கழிக்கும். கா ஃபோஸ்கரி பல்கலைக்கழகத்தின் முகவரி ‘தோர்சோதுரோ 3246’. அந்த எண் தெருவுக்கானது அல்ல, தோர்சோதுரோ பகுதி முழுவதற்குமான வரிசை எண். அடுத்த எண் வேறொரு சந்தில் இருக்கலாம். அதனால் எங்கே போவதானாலும் தெருப் பெயரையும் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரையும் சேர்த்துக் கேட்டு வையுங்கள். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசி வரைபடம் தடுமாறும். ரியால்தோ, சான் மார்க்கோ என்று சுவரில் எழுதியிருக்கும் மஞ்சள் பலகைகளை நம்பலாம்.

வகுப்பு முடிந்த பிறகு நாளுக்கு ஒரு பகுதி போதும். அக்காதேமியா ஓவியக்கூடம் திங்களன்று மதியத்தோடு மூடிவிடும், அன்று கன்னரேஜோ பகுதிக்குப் போங்கள். 1516இல் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ அங்கேதான். ரியால்தோ மீன் சந்தைக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. செவ்வாய் காலை வகுப்புக்கு முன் சந்தை, மாலையில் பக்கத்திலேயே ஃப்ராரி தேவாலயம். பலிபீடத்துக்கு மேலே ஓவியர் டிஷியன் 1518இல் முடித்த ஓவியம் இருக்கிறது, அதற்காகவே போகலாம். சதுக்கங்களில் நிற்கும் கல் கிணறுகளையும் நின்று பாருங்கள். அவற்றில் ஊற்று இல்லை. தரைக்கு அடியில் மணல் நிரப்பிய தொட்டி, கிணற்றைச் சுற்றியுள்ள துளைகள் வழியே மழைநீர் இறங்கி வடிகட்டப்படும். 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் இதைத்தான் குடித்தது.

வெள்ளி மதியம் முரானோ தீவு, ஏனென்றால் அங்குள்ள கண்ணாடிப் பட்டறைகளில் வேலை மாலைக்குள் முடிந்துவிடும். சனி காலை ஃபொந்தாமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் படகில் புரானோ தீவு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். அங்கிருந்து தோர்செல்லோ தீவு படகில் சில நிமிடம். ஞாயிறு அதிகாலை 1ஆம் எண் படகில் பெருங்கால்வாய் முழுவதும் போய்வாருங்கள். விடிந்து நேரமானால் உட்கார இடம் கிடைக்காது.

சாப்பாட்டுக்கு பாக்காரோ எனப்படும் சிறு மதுக்கடைகளில் சிக்கெத்தி என்னும் சிறு தீனி வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள், மேசையில் உட்கார்ந்தால் காசு கூடும். சான் மார்க்கோவில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை போவதானால் தினமும் நகராட்சியின் ஓத முன்னறிவிப்பைப் பாருங்கள். கடல் நீர் ஊருக்குள் ஏறாமல் தடுக்க 2020 முதல் இயங்கும் மோசே தடுப்பு, பொதுவாக ஓதம் 110 செ.மீ. வரும் என்றால்தான் எழும்பும். சான் மார்க்கோ அதற்கும் கீழான மட்டத்திலேயே நனையத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மட்டம் வரும் நாட்களில் முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் வேண்டும். தெருவில் விற்கும் பிளாஸ்டிக் கால் உறை சீக்கிரம் கிழிந்துவிடும். நீர் உயர்ந்தால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாமல் சில படகுகள் தடம் மாறும் என்பதால், தேர்வு நாளன்று நடந்தே போய்விடுங்கள்.